வலி இல்லை என்கிறார்

பொத்தானாக இருந்திருந்தால் பொழுது விடிந்து ஏறியிருக்கும், ஜிப்பாக இருந்ததால் தப்பித்தார் என்று நினைத்துக்கொண்டே ஆவுடை அடுப்பை அணைத்தாள். வேலைக்கு மாட்டிக்கொண்டு போகிற நீல முழு உடுப்பு. இடுப்பில் ஜிப்பைக் கோத்து மேலே இழுக்க வேண்டும், அவ்வளவுதான், சின்னப் பிள்ளை செய்துவிடும். அவள் கணவர் சுடலைமணி வேன் படியில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தோள்பட்டை அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. நான் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கலாம். வேனுக்குள் எதுவும் எதற்கும் தூரமில்லை, கையை நீட்டினால் கதவு, காலை நீட்டினால் படுக்கை. ஆனால் அவள் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். பின்னால் ஜிப் ஏறும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் திரும்பினாள். "டீ ஆறுதே, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "வேண்டாம், செல்வின் வந்துட்டான்" என்றார் அவர். அவரோடு கயிற்று வேலை பார்க்கிற செல்வின் வந்துதான் இருந்தான், பைக்கை நிறுத்திவிட்டு வெளியே நின்று, "அண்ணாச்சி, பைய எடுக்கட்டா?" என்று கேட்டுக் கயிற்றுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஆனால் செல்வினுக்காக டீயை வேண்டாம் என்கிற மனுஷன் இல்லை இவர். சூடான டம்ளரைப் பிடிக்கப் பயப்படுகிறார். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

இருவரும் போன பிறகு மடக்கு மேஜையை விரித்து, கணினியைத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டினாள். காலுக்கடியில் மிதி. மிதித்தால் அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திக்கொள்வார். அவர்கள் பேசியதை முன்பெல்லாம் முழுக்க இவளே தட்டச்சு செய்வாள். இப்போது இயந்திரம் தட்டச்சு செய்து கொடுக்கிறது, அது செய்த தப்பைத் திருத்துவது இவள் வேலை. இன்றைக்கு வந்தவர் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர். முந்திரிப் பருப்பாக இருக்கும், கடிக்கிற சத்தம் அப்படித்தான். பேஷண்ட் டினைஸ் பெயின். இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த டினைஸ் என்கிற ஒரு சொல் அவளுக்கு உறுத்தியது. வலி இருக்கிறதா என்று டாக்டர் கேட்கிறார், இல்லை என்று நோயாளி சொல்கிறார். அதை எழுதும்போது மட்டும் வலி இல்லை என்று எழுதமாட்டார்கள். மறுக்கிறார் என்று எழுதுவார்கள். மரத்துப்போவதை மறுக்கிறார். மூச்சு வாங்குவதை மறுக்கிறார். என்னமோ கோர்ட்டில் நிறுத்தி வைத்துக் கேட்டது மாதிரி. அப்புறம் பழகிவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் அவள் விரல் வழியாக எல்லாவற்றையும் மறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செம்மண் காட்டைத் தாண்டி, கடலை பிடுங்கி முடித்த கொல்லைகளைத் தாண்டி, மேட்டில் மின்சாரக் காற்றாடிகள் வரிசையாக நின்றன. ஆந்திரத்தில் அனந்தபூர்ப் பக்கம் இது. ஒரு காற்றாடி மட்டும் சுற்றாமல் நின்றது. அதன் றெக்கை ஒன்றைத் தரையைப் பார்க்க நிறுத்திப் பூட்டியிருந்தார்கள். அந்த றெக்கையில் விழுந்த வெடிப்பைத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி ஒட்டி, பிசின் பூசிச் சரிசெய்ய வேண்டும். கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அதுதான் சுடலைமணியின் தொழில். காற்று ஓய்ந்த மாதங்களில்தான் செய்ய முடியும் என்பதால் அந்த மாதங்களில் ஒவ்வொரு மாநிலமாக ஓட வேண்டும். அதனால்தான் வேன், அதனால்தான் இந்த வீடு.

வீடு என்று இதைச் சொன்னால் அவள் அக்கா சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் ஓடித் தேய்ந்த வேன். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள், கூரையில் சோலார் தகடு பொருத்தினார்கள், மஞ்சள் மேல் வெள்ளை அடித்தார்கள். ஜன்னல் சட்டத்தில் ஏதோ பிள்ளை காம்பஸ் முனையால் கீறிய "கவின் ஒரு கழுதை" மட்டும் பெயிண்டுக்கு அடங்கவில்லை. இதில் ஏறியபோது ஒரு வருஷம் தாங்கமாட்டாய் என்றார்கள். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. யாருக்கும் அவள் சொல்லாதது, சுடலைமணிக்கு மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது, அவள் இங்கேதான் முதல்முதலாக மூச்சு விட்டாள் என்பது. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தபோது புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான், எத்தனை பிள்ளைங்க? இல்லை என்றால் அடுத்து ஒரு மௌனம், அதற்கடுத்து ஒரு கோயில் பெயர், ஒரு டாக்டர் பெயர். பால்காரர், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர், எதிர்வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த அம்மாள், எல்லோருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருந்தது. வேனில் குடியிருப்பவளிடம் யாரும் அதை முதலில் கேட்பதில்லை. எந்த ஊரு, ஏன் இப்படி, கக்கூஸுக்கு என்ன செய்வீங்க. அதைத் தாண்டி வருவதற்குள் வேன் அடுத்த ஊருக்குப் போய்விடும். இதை நினைக்கும்போதுதான் அவள் மனசு ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், இன்றைக்கும் வந்து நின்றது. அவர் கை போனால் வேலை போகும், வேலை போனால் வேன் போகும், வேன் போனால் மறுபடி அந்தத் தெரு. இந்தக் கணக்கை அவள் உட்கார்ந்து போடவில்லை. தானாகவே அது போட்டு முடிந்திருந்தது.

தை மாதக் குளிரில் ஒரு காலையில் பார்த்தாள். அவர் விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "குளிரு" என்றார். அப்புறம் ஊறுகாய்ப் புட்டியை அவளிடம் நீட்டி, "இதத் திறயேன், வழுக்குது" என்றார். டம்ளர் ஒருநாள் கைநழுவியது, இன்னொருநாள் மறுபடி நழுவியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கோப்பு வந்தது. பாறை உடைக்கிற இயந்திரத்தை வருஷக்கணக்காகப் பிடித்து வேலை பார்த்த ஒரு ஆள், குளிரில் விரல் வெளுக்கிறது, கோப்பை நழுவுகிறது, சட்டை போட மனைவி உதவுகிறாள். டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அதிர்கிற இயந்திரம் நரம்பையும் ரத்தக் குழாயையும் தின்றுவிடும், அந்த வேலையை நிறுத்தினால்தான் இருப்பதையாவது காப்பாற்ற முடியும். ஆவுடை மிதியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுடலைமணியின் கையில் தேய்க்கிற இயந்திரம் எத்தனை வருஷமாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. கல்யாணமான புதிதில் ராத்திரி தூக்கத்தில்கூட அவர் கை லேசாக உதறும், தொட்டால் நின்றுவிடும், அது அவளுக்குச் செல்லமாக இருந்தது. அந்தக் கோப்பை முதலிலிருந்து மறுபடி கேட்டாள். கமா எல்லாம் சரிபார்த்தாள். அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவர், "என்ன ஒருமாதிரி இருக்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தலைவலி" என்றாள்.

அதோ, மஞ்சள் தெரிகிறது. கம்பெனி கொடுக்கிற தொப்பி எல்லாம் வெள்ளை. சுடலைமணியுடையது மட்டும் மஞ்சள், சொந்தமாக வாங்கியது, எவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். அந்தப் புள்ளி றெக்கையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு இருக்கிறது என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். விழமாட்டார். விழுவதைப் பற்றிய பயமில்லை இது. இறங்குவதற்கு ஒரு பிடியை அழுத்த வேண்டும், அந்தப் பிடி கைக்குள் இருக்கிறதா இல்லையா என்று கைக்கே தெரியாமல் போனால்? அதற்கும் ஏதோ தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொன்னார். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஜிப்புக்குத்தான் எதுவும் இல்லை. டாக்டர் முந்திரியைக் கடித்தார். பேஷண்ட் டினைஸ். மென்ற சத்தத்தில் அடுத்த சொல் கேட்கவில்லை, பின்னால் ஓட்டினாள், மறுபடி கேட்கவில்லை. எதை மறுக்கிறான் இந்த நோயாளி? மூன்றாவது தடவை ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேன் கதவை யாரோ தட்டினார்கள். ஆடு மேய்க்கிற லட்சுமம்மா, போனுக்குச் சார்ஜ் போட வந்திருந்தாள். இரண்டு நாளாக வருகிறாள், பதிலுக்கு மடியில் கடலை கட்டிக்கொண்டு வருவாள். தெலுங்கில் கேட்டாள், உன் வீட்டுக்காரர் எங்கே? ஆவுடை மேட்டைக் கைகாட்டினாள். லட்சுமம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள், அந்தப் புள்ளி ஒரு மனுஷன் என்பது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பயமாக இல்லையா உனக்கு என்று கேட்டாள். "லேது" என்றாள் ஆவுடை, இல்லை என்று. சட்டென்று வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை. லட்சுமம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடலையை மேஜையில் கொட்டினாள்.

அவள் போனபிறகு ஹெட்போனை மாட்டி மறுபடி மிதியில் காலை வைத்தபோதுதான் கொடியில் கிடந்த துண்டு அசைவதைப் பார்த்தாள். காற்று. சின்னக் காற்றுதான், இதற்கெல்லாம் யாரும் இறங்கமாட்டார்கள். துண்டு அசைந்தது, அடங்கியது, பிறகு நன்றாகவே எழும்பி வேனின் பக்கத்தில் அடித்தது. மேட்டில் மற்ற காற்றாடிகளின் றெக்கை கொஞ்சம் வேகம் பிடித்ததா, அல்லது அவளுக்குத்தான் அப்படித் தெரிகிறதா. மஞ்சள் புள்ளி அதே இடத்தில் இருந்தது. ஏன் அதே இடத்தில் இருக்கிறது, வேலை நடந்தால் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டாமா, பிடியை அழுத்த முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறாரா. போனை எடுத்து அவருக்கு அடித்தாள். மேலே இருக்கும்போது போன் கீழே பையில்தான் இருக்கும், தெரிந்தும் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இப்போது போய் என்ன சொல்வாள்? உங்க கை சரியில்லை என்றா? தை மாதத்தில் சொல்லியிருக்க வேண்டியதை, இத்தனை நாள் மேலே அனுப்பிவிட்டு, தொங்குகிற ஆளைப் பார்த்து இப்போது சொல்வதா? அவர் கீழே விழுந்து, ஊர் கூடி, அக்கா வந்து அழுது, இவளுக்குத் தெரியுமா என்று யாராவது கேட்டால், மறுக்கிறாள் என்று எழுதிக்கொள்வார்கள். இப்போது முதல்முறையாக வெட்கத்தில் முகம் சுட்டது. தெரு, எதிர்வீட்டு அம்மாள், அந்த மௌனம், கோயில் பெயர், எல்லாம் சரி, இருக்கட்டும், அந்தத் தெருவில் அவர் இருப்பாரே. அந்த வீட்டில் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்து, சட்டையில் பொத்தான் போட்டுவிடு என்று கேட்பாரே. இத்தனை சின்ன விஷயம் இத்தனை நாளாகப் புத்தியில் ஏறவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள், அது காதில்லாமலே பேசிக்கொண்டிருந்தது, மிதியிலிருந்து காலை எடுத்ததும் நின்றது. கதவைச் சாத்தவும் இல்லை, செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிய குழிகள். கால் மடங்கியது, சமாளித்து நடந்தாள். கண்ணை மஞ்சளை விட்டு எடுக்காமல் நடந்ததால் இன்னொரு தடவையும் மடங்கியது. கிட்டப் போகப் போகக் காற்றாடி வானத்தை அடைத்துக்கொண்டு வளர்ந்தது, புள்ளிக்குக் கை வந்தது, கால் வந்தது. அது அசைந்தது. பிடியை அழுத்தி, ஒரு ஆள் உயரத்துக்குச் சரசரவென்று இறங்கி, நின்று, மறுபடி வேலையைத் தொடர்ந்தது. நல்ல உறுதியான கை. அவளுக்கு மூச்சு வந்தது. பைத்தியக்காரி, திரும்பிப் போய்விடலாம், நல்லாத்தானே இறங்குகிறார், இன்றைக்கு ராத்திரி நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு கால் திரும்பியேவிட்டது. அப்போதுதான் கோபுரத்தின் அடியில், நிழலில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நீல உடுப்பு. தலையில் வெள்ளைத் தொப்பி. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு குச்சியை வைத்து, தயிர் கடைகிற மாதிரி உருட்டி, டப்பாவில் பிசினைக் கலக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் குச்சியைப் பிடிக்கவே இல்லை. அந்த முதுகைத்தான் காலையில் பார்த்துவிட்டு அவள் டம்ளர் கழுவினாள்.

"ஏங்க" என்றாள்.

சுடலைமணி நிமிர்ந்தார். திருட்டு மாங்காயோடு பிடிபட்ட முகம். அவளைப் பார்த்தார், மேலே பார்த்தார், குச்சி கையிலிருந்து டப்பாவுக்குள் விழுந்தது. "நீ எங்கட்டி இங்க வந்த?"

"மேல யாரு?"

"செல்வின்."

"தொப்பி?"

அவர் தன் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "என்னுதுதான். நீ அங்கருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்னு தெரியும். அதான் அவன்ட்ட குடுத்தேன். போன வாரத்துலருந்து அவன்தான் மேல போறான்."

"போன் அடிச்சேனே?"

"பாத்தேன். எடுத்தா கீழ இருக்கேன்னு தெரிஞ்சிருமே." இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "கை பிடிக்க மாட்டேங்குது, ஆவுட. மிஷின ஓட்டிக்கிட்டே இருக்கேன், கையில இருக்கா இல்லையான்னு தெரியல. ஒருநா அப்படியே கையவிட்டுப் போயிட்டு, கயித்துல கட்டியிருந்ததால தப்பிச்சுது. கீழ செல்வின் நின்னான். அதுக்கப்புறம் ஏறல."

காலையிலிருந்து யாருக்காகப் பயந்தோம் என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். செல்வின் மேலே ஏதோ மெட்டை முனகிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தான், வெள்ளைத் தூசி காற்றில் பறந்தது. அவனுக்காக அவள் ஒரு நிமிஷம்கூடப் பயந்ததில்லை. "ஏன் என்ட்ட சொல்லல?" என்று கேட்டாள், கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று தெரிந்தே கேட்டாள்.

"சொன்னா வீட்டுக்குப் போவோம்ப. எனக்காவச் சொல்லுவ. அங்க போனா நீ எப்படியிருப்பேன்னு நான் பாத்திருக்கேன்லா. செல்வினும் நானுமா இந்த சீசன ஓட்டிருவோம், அதுக்குள்ள கை சரியாயிரும்னு நெனச்சேன்."

"சரியாவாது" என்றாள். "அந்த மிஷினப் பிடிச்சா சரியாவாது. எனக்குத் தெரியும். தை மாசத்துலருந்தே தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். "தெரிஞ்சுமா மேல அனுப்புன?" என்று மெதுவாகக் கேட்டார். குரலில் கேள்வியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"ஆமா" என்றாள். வேறு ஏதாவது சேர்த்துச் சொல்ல வாயெடுத்தாள். பாளையங்கோட்டை, பால்காரர், தெரு. எதைச் சேர்த்தாலும் அந்த ஆமாவைக் கொஞ்சம் குறைப்பதாக ஆகிவிடும் போலிருந்தது. சேர்க்காமல் நின்றாள்.

அவர் டப்பாவுக்குள் விழுந்த குச்சியை எடுக்கப் பார்த்தார், கைக்கு வரவில்லை. மேலிருந்து செல்வின் கத்தினான், "அண்ணாச்சி, பிசின் ஏத்துங்க!" பிறகு இவளைக் கண்டுகொண்டு, "ஐயோ, மதினி!" என்றான். கலக்கிய பிசின் இறுகத் தொடங்கியிருந்தது, விட்டால் கல்லாகிவிடும். சுடலைமணி டப்பாவை உள்ளங்கைகளால் நகர்த்தி அவள் பக்கம் தள்ளினார். "கையுறையப் போட்டுக்கிட்டுக் கலக்கு. கட்டி தட்டாம." அவள் உட்கார்ந்து கலக்கினாள். வாளியைக் கயிற்றில் மாட்டினாள், முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று அவர் பக்கத்தில் நின்று சொன்னார். வாளி ஆடிக்கொண்டே மேலே போனது. "வலிக்கா?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். "பகல்ல மரத்துக் கெடக்கு. ராத்திரிதான் வலிக்கு. நீ தூங்குன பொறவு எந்திரிச்சு உக்காந்துக்கிடுவேன்." நான் தூங்குவதில்லை, நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரியும் என்று அவள் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்.

செல்வின் இறங்கியதும் சுடலைமணியே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். போனை அவள்தான் பிடித்துக்கொண்டாள். இனி றெக்கை வேலைக்கு ஏறமாட்டேன், கை சரியில்லை, கீழ் வேலை இருந்தால் சொல்லுங்க, இல்லைன்னாலும் பரவாயில்லை என்றார். புதுப் பையன்களுக்குக் கயிறு பழக்க ஆள் தேவைப்படும், கேட்டுச் சொல்கிறேன், உறுதி ஒன்றுமில்லை, முதலில் டாக்டரைப் பாருங்க என்றது அந்தப் பக்கத்துக் குரல். செல்வின் மஞ்சள் தொப்பியைக் கழற்றி நீட்டினான், முகம் வெளிறியிருந்தது. "மதினி, நான் அப்பவே சொன்னேன், மதினிட்ட சொல்லிருவோம்னு." "நீயே வச்சுக்கோ" என்றார் சுடலைமணி. "அவ இத்தனை நாளும் ஒன்ன நெனச்சுப் பயப்படாதவ. இனிமே ஒனக்கும் சேத்துப் பயப்படட்டும்." அவர் குரலில் ஒரு முள் இருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். நியாயமான முள்தான். நாளைக்கும் இருக்கும், இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

வேனுக்கு வந்ததும் அவர் பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போனார். "தள்ளுங்க, நான் ஓட்டுதேன்" என்றாள். லைசென்ஸ் இருந்தது, ஆளில்லாத மைதானங்களில் ஓட்டியிருக்கிறாள், நெடுஞ்சாலையில் ஓட்டியதில்லை. இத்தனை வாரமாக அவர் மணிக்கட்டால் ஸ்டீயரிங்கை வளைத்துக்கொண்டு வந்ததை, பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்துக்கொண்டுதானே வந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். லட்சுமம்மா வந்து தன் போனை எடுத்துப் போயிருந்தாள், அவள் கொட்டிய கடலை மேஜையிலிருந்து உருண்டு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது, போகட்டும். மண்பாதையில் வேன் குலுங்கியபோது பின்னால் தட்டு ஒன்று விழுந்தது, அலமாரிக் கொக்கியை மாட்ட மறந்திருந்தாள். சுடலைமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இடதுபக்க இருக்கையில் எப்படி உட்கார்வது என்று தெரியாத ஆள் மாதிரி. கைகளைக் கக்கத்தில் இடுக்காமல் மடியில் வைத்திருந்தார். அவள் கியர் மாற்றும்போது மட்டும் அவருடைய கால் தானாகவே தரையை அமுக்கியது. தார்ச்சாலை முனை வந்தது. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவள் பதறவில்லை, அல்லது பதறியது காலுக்குப் போகவில்லை.

"அடுத்து என்னட்டி செய்ய?" என்றார். வாழ்க்கையைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அடுத்து லெஃப்டா ரைட்டான்னு பாத்துச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி அனந்தபூர்ல எங்க இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அவர் போனை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரல் கணுவால் வரைபடத்தை நகர்த்தி, வெகுநேரம் பார்த்தார். லாரி மறுபடி ஹாரன் அடித்தது.

"லெஃப்ட்" என்றார்.